நாய்க்கு வேலை இருந்தது

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று ஒரு பழமொழி. 34 வருட அரசாங்க உத்தியோகத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலையும் எழுத்தரைப் பார்த்து மேலதிகாரி சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். எழுத்தருக்கு வேலை இல்லை என்றால் எழுத்தரைச் சொல்லுங்கள் ஐயா, நாயை ஏன் இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறந்ததில்லை. இப்போது பென்ஷன் வாங்குகிறேன், சொல்லலாம். அந்தப் பழமொழி பொய். அதைக் கட்டியவர் பாகூர் பக்கம் அறுவடைக் காலத்தில் ஒரு ராத்திரிகூட களத்துமேட்டில் படுத்திருக்க மாட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வில்லியனூரில் மாலை நேரத்தில் நாங்கள் நாலைந்து ஓய்வூதியர்கள் ஒன்றாக நடப்போம். வேலை செய்யும் நாய்கள் என்றால் எனக்கு உயிர். எல்லையில் மோப்பம் பிடிப்பவை, ஆட்டுக்கிடை காப்பவை, இடிபாட்டில் ஆள் தேடுபவை, கண் தெரியாதவரை வழிநடத்துபவை என்று எதைப் பற்றிக் கிடைத்தாலும் படிப்பேன், பார்ப்பேன். நண்பர் ஒருவர் கேலி செய்தார்: "இதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்குப்பா, நமக்கெதுக்கு?" இன்னொருவர் ஒரு படி மேலே போனார்: "எல்லாத்தையும் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விட்டாத்தான் ஊரு உருப்படும்." இரண்டு பேருக்கும் வீட்டுக்கு வந்து யோசித்து எழுதும் பதில் இது.

முதலில் பணக்காரன் பொழுதுபோக்கு என்றவருக்கு. இந்த ஆர்வம் எனக்கு டிவியிலிருந்து வரவில்லை. பாகூர் கொம்யூனில் நான் பிறந்த ஊரின் முற்றத்திலிருந்து வந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியபோது எனக்கு விவரம் தெரியாத வயது. கொடி மாறினாலும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். பகலில் மேசைமேல் பிரெஞ்சு, வீட்டுக்கு வந்தால் தமிழ், மாடு, வயல், மணி. மணி எங்கள் நாய். செம்மண் நிறம், ஒரு காது மடங்கி இருக்கும். என்ன சாதி நாய் என்று யாரும் கேட்டதில்லை. நாட்டு நாய், அவ்வளவுதான்.

மணியின் வேலை நேரத்தைச் சொல்கிறேன். பொழுது சாய்ந்தால் களத்துமேட்டில் நெல் குவியலுக்குப் பக்கத்தில் படுக்கும். நடுராத்திரியில் ஆட்டுப்பட்டியை ஒரு சுற்று சுற்றி வரும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நரி உண்டு. குட்டி ஆட்டையும் தூக்கும், மல்லாட்டைக் கொல்லையையும் பறித்துப் போடும். மல்லாட்டை முற்றும் மாதத்தில் மணியின் ஜாகை கொல்லைக்கே மாறிவிடும். விடியற்காலையில் அப்பா தண்ணீர் திருப்பப் போனால் முன்னால் நடக்கும். வரப்பில் பாம்பு இருந்தால் நின்று குலைக்கும், அப்பாவும் நின்றுவிடுவார். அறுப்பு முடிந்ததும் எலி வளை தோண்ட வருகிறவர்களுடன் சேர்ந்துகொண்டு மூக்கால் வளையைக் காட்டிக் கொடுக்கும். கூலி கேழ்வரகுக் கூழும் மீந்த சோறும். அதை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. அதன் சோற்றை யாரும் மறந்ததும் இல்லை. வேலைக்காரனுக்குக் கூலி பாக்கி வைக்கக் கூடாது என்று அம்மா சொல்வார். மணியும் அந்தக் கணக்கில் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரை போய் வந்து பென்ஷனில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். அங்கே படையில் நாய்களைப் பழக்குவதைப் பார்த்திருக்கிறார். அவர்தான் மணிக்கு "அஸ்ஸி" என்றால் உட்கார், "கூஷே" என்றால் படு என்று கருவாட்டுத் துண்டை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். எனக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு வேலைக்கு ஒரே சொல். ஒரே குரல். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே கூலி. தப்பாகச் செய்தால் அடிக்காதே, திரும்பச் சொல். அவர் சொன்னது இவ்வளவுதான். பிற்காலத்தில் நாய்ப் பயிற்சியைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த நாலு வரியின் விரிவுரை.

ஆகவே நண்பரே, இது பணக்காரன் பொழுதுபோக்கு அல்ல, குடியானவன் வீட்டு அறிவு. சின்ன வயதில் நாயை எப்படிப் பார்த்தோமோ அப்படித்தான் கிழவயது வரை பார்க்கிறோம். நாயை வேலைக்காரனாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் அதன் வேலையைத் தேடிப் பார்க்கிறான். பொம்மையாகப் பார்த்தவன் இன்னும் விலை உயர்ந்த பொம்மையைத் தேடுகிறான். பயத்தை மட்டும் கற்றவன் வண்டியில் ஏற்றிவிடு என்கிறான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். அதே முற்றத்தில் வளர்ந்த என் அண்ணனுக்கு நாய் மேல் எந்த ஆர்வமும் கிடையாதே? உண்மைதான். அண்ணன் ஒரு நாயும் வளர்க்கவில்லை, ஒரு படமும் பார்ப்பதில்லை. ஆனால் தெருவில் புதிதாக ஒரு நாயைக் கண்டால் அவர் கல்லைத் தேடுவதில்லை. "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்கிறார். குழந்தைப் பருவம் எல்லோருக்கும் ஆர்வத்தைக் கொடுத்துவிடாது. ஆனால் சரியான கேள்வியைக் கொடுக்கும். யார் வீட்டு நாய், அதற்கு என்ன வேலை என்ற இந்தக் கேள்விகளை இன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

பள்ளியில் எங்களை லா ஃபொந்தேன் கதைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதில் ஓநாயும் நாயும் என்று ஒன்று. கொழுத்த நாய், பட்டினி ஓநாயைத் தன்னோடு வரச் சொல்கிறது. ஓநாய் அதன் கழுத்தில் பட்டை தேய்ந்த தழும்பைப் பார்த்துவிட்டுக் காட்டுக்கே ஓடிவிடுகிறது. ஆசிரியர் சுதந்திரத்தின் மேன்மையை விளக்குவார். கதை நல்ல கதை. ஆனால் அந்தப் பெரிய கவிஞருக்கு எங்கள் மணியைத் தெரியாது. மணியின் கழுத்தில் பட்டையும் கிடையாது, தழும்பும் கிடையாது, ஆனால் வேலை இருந்தது. இன்றைக்கு அதே கொம்யூனில் நான் பார்ப்பது வேறு இரண்டு வகை. கழுத்தில் விலை உயர்ந்த பட்டை மாட்டி, கேட்டுக்குள் அடைபட்டு, வேலை இல்லாமல் கொழுத்துக் கிடக்கும் நாய். பட்டையும் இல்லாமல் வேலையும் இல்லாமல் குப்பைமேட்டில் அலையும் நாய். இரண்டையும் உண்டாக்கியது நாம்தான்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பழைய சட்டங்கள் மேல் ஒரு பிரியம் உண்டு. பிரான்சில் 1855 மே 2ஆம் தேதி நாய்களுக்கு வரி போட்டு ஒரு சட்டம் வந்தது. வசூல் கொம்யூனுக்குச் சேரும். நாய் ஒன்றுக்கு 1 பிராங்குக்குக் குறையாமல், 10 பிராங்குக்கு மேற்படாமல். இதில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல, வகைப்பாடு. ஆசைக்கும் வேட்டைக்கும் வளர்க்கும் நாய் ஒரு வகை. மந்தை காக்கும் நாய், வீடு காக்கும் நாய், குருடருக்கு வழிகாட்டும் நாய் இன்னொரு வகை. இதற்கு வரி குறைவு. வரி போடுகிற அரசாங்கம்கூட முதலில் இந்த நாய்க்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறது. நம்மிடம் இன்று நாயைப் பற்றி எத்தனையோ விதிகள். நாயின் வேலையைக் கேட்கும் விதி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

பிரான்சுக்கு ஏன் போக வேண்டும் என்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போகலாம். தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதற்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவலுக்கு நின்றது என்று அதன் வேலையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன நிறம், என்ன சாதி, என்ன விலை என்று ஒன்றும் எழுதவில்லை. பெயரும் வேலையும்தான். 1400 வருடத்துக்கு முன்னால் கல்தச்சனுக்குத் தெரிந்தது, இன்று நாய் வாங்கக் கடைக்குப் போகிறவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன பிரீட்?"

இந்த பிரீட் பைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் பனியில் புதைந்தவரைத் தேடிய நாய். அந்த மடத்தில் 1800 முதல் இருந்த பாரி என்ற நாயின் பாடம் செய்த உடல் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவையெல்லாம் மகா தொழிலாளிகள். அவற்றைக் கொண்டுவந்து புதுச்சேரி மே மாத வெயிலில், மொட்டை மாடியில், ஏசி ஓடும்போது உள்ளே, கரண்ட் போனால் வெளியே என்று வைத்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இந்த இரண்டையும் சேர்த்துச் சில வெளிநாட்டு இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலே போட்டது. நம் வெயிலைப் புரிந்துகொள்ள ஒரு கொள்கை தேவைப்படுகிறது!

உடனே "அப்படியானால் ராஜபாளையம் வாங்குகிறோம், சிப்பிப்பாறை வாங்குகிறோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். நம் இனங்கள் மேல் எனக்குப் பெருமை உண்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாய்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. பிரதமர் 2020 ஆகஸ்ட் 30ஆம் தேதி வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாலு பெயரையும் சொன்னார். கர்நாடகத்து முதோல் நாயை ராணுவம் மீரட்டில் பழக்குகிறது. எல்லைப் பாதுகாப்புப் படை தன் நாய்களை குவாலியர் பக்கம் டேகன்பூரில் பழக்குகிறது. அந்தப் படையின் ரியா என்ற முதோல் நாய் 2024இல் அகில இந்தியக் காவல்துறைப் போட்டியில் வெளிநாட்டு இனங்களை எல்லாம் தாண்டித் தடம் பிடிப்பதில் முதலாவதாக வந்தது. போட்டியின் சிறந்த நாய் என்ற பட்டத்தையும் வாங்கியது. அதைப் படித்த அன்று நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். மகள் சிரித்தாள்.

ஆனால் கவனியுங்கள். ரியாவுக்குப் பெருமை முதோலில் பிறந்த இனம் என்பதால் மட்டும் வரவில்லை. அதற்கு வேலை கொடுத்து, தினம் பழக்கியதால் வந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு காற்றாய்ப் பறக்கப் பிறந்தவை. அவற்றை 1200 சதுர அடி மனையில் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டுத் தமிழன் பெருமை பேசினால், ஹஸ்கிக்காரருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? ராஜபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூய வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்திலேயே இணைத்து இணைத்து, செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் அறியப்பட்ட குறை. காவலுக்குப் பிறந்த நாய்க்குக் காது கேட்காமல் போவது எதனால்? வேலையைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்ததால். வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாட்டன்மார் அந்த இனத்தை உண்டாக்கினார்கள். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பேரன்மார் அதைக் கெடுக்கிறார்கள்.

இனி இரண்டாவது நண்பருக்கு. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றச் சொன்னவருக்கு.

அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நாய் துரத்தினால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். வெறிநாய்க்கடி விளையாட்டில்லை. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மருத்துவத்தால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். கடிபட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் வைப்பதும் மந்திரிப்பதும் உயிருக்கு உலை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் லூயி பஸ்தேர் கதையைச் சொல்லாத வருடம் கிடையாது. நீங்கள் பாஸ்டர் என்பீர்கள். 1885 ஜூலை 6ஆம் தேதி ஜோசப் மெய்ஸ்தர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அவர் முதல் ஊசி போட வைத்தார், பிள்ளை பிழைத்தான். 140 வருடம் கழித்தும் நம் நாட்டில் இந்த நோயால் ஆள் சாகிறார்கள் என்றால் வெட்கப்பட வேண்டியது நாய் அல்ல.

ஆனால் தெருநாய் எங்கிருந்து வந்தது என்று அந்த நண்பர் யோசித்தாரா? வில்லியனூரைச் சுற்றியும் பாகூரைச் சுற்றியும் நெல் விளைந்த இடமெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. களத்துமேடு போனது. ஆட்டுப்பட்டி போனது. மல்லாட்டைக் கொல்லைக்கு நரியும் வருவதில்லை. மாடு போன வீடுகளில் நாயும் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆனது. மனுசனுக்கு வேறு வேலை கிடைத்தது; கம்பெனிக்குப் போனான், கடைக்குப் போனான். நாய்க்கு யார் வேறு வேலை கொடுத்தார்கள்? மணியின் வம்சம்தான் இன்று கோழிக்கடைக் கழிவைத் தின்றுகொண்டு கூட்டமாக அலைகிறது. ஆள் இல்லாத நாய்க்கு வேலை இருக்காது. வேலை இல்லாத நாய் கூட்டம் சேரும், துரத்தும், கடிக்கும்.

2025இல் உச்ச நீதிமன்றம் வரை இந்தச் சண்டை போயிற்று. ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றார்கள். ஒரு பக்கம் "தூக்கிப் போடு" என்ற கூட்டம். மறுபக்கம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய்விடும் கருணாமூர்த்திகள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒன்று: அந்த நாயை யாரும் தன் வீட்டு நாய் என்று சொல்லத் தயாரில்லை. சோறு போடுவது பாதி வேலை. அதற்குப் பெயர் வைத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து, அது கடித்தால் நான் பதில் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பாதி. என் அம்மா மணி விஷயத்தில் முழு வேலையையும் செய்தார்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஃபைல் கட்டிப் பழகியவன், குறிப்பும் எழுதித்தான் முடிப்பேன்.

ஒன்று: கொம்யூன் பஞ்சாயத்துகள் வீட்டுவரிப் பதிவேட்டைப் போல நாய்ப் பதிவேடு ஒன்று வைக்கட்டும். உரிமையாளர் பெயர், நாயின் பெயர், ஊசி போட்ட தேதி, கருத்தடை விவரம். கடைசிக் கட்டத்தில் "வேலை" என்று ஒரு கலம். வீட்டுக் காவல், தோட்டக் காவல், ஆடு, துணை என்று எழுதலாம். வயதானவருக்குத் துணையும் வேலைதான்.

இரண்டு: தெருநாய்க் குட்டியை எடுத்து வளர்ப்பவருக்கு ஊசியும் கருத்தடையும் இலவசமாகட்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி நம் குரும்பாபேட்டிலேயே இருக்கிறது. கிராமத்துக்கு வந்து முகாம் நடத்தட்டும், மாணவர்களுக்கும் பழக்கமாகும்.

மூன்று: நம் காவல்துறையும் வனத்துறையும் நாய் எடுக்கும்போது நம் இனங்களையும் நாட்டு நாயையும் சோதித்துப் பார்க்கட்டும். தேறினால் எடுங்கள், தேறாவிட்டால் விடுங்கள். நான் இட ஒதுக்கீடு கேட்கவில்லை, தேர்வு எழுத அனுமதிதான் கேட்கிறேன்.

நான்கு: இது தாத்தா பாட்டிகளுக்கு. "நாய்கிட்ட போகாதே, கடிச்சிடும்" என்று மட்டும் சொல்லிப் பேரனை வளர்க்காதீர்கள். தெரியாத நாயிடம் ஓடக் கூடாது, சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது, கல் எறியக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் தெருவில் ஊசி போட்ட, சாதுவான ஒரு நாய்க்கு அவன் கையால் தினம் ஒரே நேரத்தில் சோறு வைக்கச் சொல்லுங்கள். ஒரே சொல், ஒரே குரல், உடனே கூலி. நாய் உட்காரக் கற்றுக்கொள்ளும். பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வான்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். பஸ்தேர் கண்ணை மூடியதும் அதே தேதியில்தான், 1895இல். அந்த நாளுக்குள் உங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய்க்குப் பெயர் வைத்து ஊசி போட்டுவிடுங்கள். என்னைக் கேலி செய்த இரண்டு நண்பர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். முதலாமவர் யோசிக்கிறேன் என்றார். வண்டியில் ஏற்றச் சொன்னவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை மாலை நடையில் மறுபடியும் கேட்பேன்.